உயிரணுவை எண்ணும் ஒளி

உயிரணுக்களே மருந்தாகப் பயன்படும் காலம் இது. ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் குருத்தணுக்களும், மாற்றியமைக்கப்பட்ட வெள்ளணுக்களும் நோயாளியின் உடலில் செலுத்தப்படுகின்றன. மாத்திரையின் அளவு மில்லிகிராமில் குறிக்கப்படுகிறது. உயிரணு மருந்தின் அளவையோ எண்ணிக்கையால்தான் குறிக்க முடியும். ஆகவே, இச்சிகிச்சையில் உயிரணுக்களை எண்ணுவது நோயாளிக்குத் தரும் மருந்தை அளந்து பார்ப்பதற்கு ஒப்பாகும்.

எண்ணிக்கை குறைந்தால்

இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. இதில் ஒரு முறை, நோயாளியின் ரத்தத்திலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்துச் சேமித்து வைப்பதாகும். பின்னர் புற்றுநோயை ஒழிக்கத் தரப்படும் கடுமையான மருந்துகள் மஜ்ஜையையும் அழித்துவிடுகின்றன. சேமித்த குருத்தணுக்களைத் திரும்பச் செலுத்தினால், அவை மஜ்ஜையில் குடியேறிப் புதிய ரத்தத்தை உண்டாக்குகின்றன.

இதற்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் குருத்தணுக்கள் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கோடி தேவை. எண்ணிக்கை குறைந்தால் புதிய ரத்தம் உருவாவது தாமதமாகும். அந்த இடைவெளியில் நோய்த்தொற்றோ ரத்தக்கசிவோ உயிரைப் பறிக்கக்கூடும்.

கண்ணால் எண்ணும் முறை

உயிரணுக்களை எண்ணுவதற்கான கண்ணாடி அறையை பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மலஸே 1874-இல் உருவாக்கினார். இன்று வழங்கும் நியூபார் அறையில், ஒரு பெரிய கட்டத்தின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர், ஆழம் 0.1 மில்லிமீட்டர். அதில் காணும் அணுக்களின் எண்ணிக்கையைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் ஒரு மில்லிலிட்டரில் உள்ளவை தெரியும். டிரைபான் நீலம் என்ற சாயம் இறந்த அணுக்களை நீல நிறமாகக் காட்டும்.

செலவு குறைந்த இம்முறைக்கு இரு குறைகள் உண்டு. 100 அணுக்களை மட்டும் எண்ணினால், தற்செயலாலேயே ஏறத்தாழ 10 சதவீத வேறுபாடு நேரும்; 10,000 அணுக்களை எண்ணினால் அது ஒரு சதவீதமாகக் குறையும். இரண்டாவதாக, குருத்தணுவையும் பிற வெள்ளணுக்களையும் இம்முறையில் நம்பகமாக வேறுபடுத்த இயலாது. பிரித்தெடுத்த ரத்தத்தில் குருத்தணுக்கள் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருப்பதால் இக்குறை பெரிதாகிறது.

ஒளிர்வின் துணை

அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர் மின்தடை மாற்றத்தைக் கொண்டு அணுக்களை எண்ணும் முறைக்கு 1953-இல் காப்புரிமை பெற்றார். அது எண்ணிக்கையைத் தந்தது; அணுவின் இனத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை. 1960-களின் இறுதியில் ஜெர்மனியில் கோடேயும், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஹெர்சன்பெர்க் குழுவினரும் ஒளிர்வைக் கொண்டு அணுக்களை அறியும் கருவிகளை அமைத்தனர். 1975-இல் கோலரும் மில்ஸ்டீனும் ஒற்றைவகை எதிர்ப்பொருள்களை உருவாக்கும் வழியைக் கண்டதும் இத்துறை விரைந்து வளர்ந்தது.

குருத்தணுவின் மேற்பரப்பில் சி.டி.34 என்ற புரதம் உண்டு. அதனுடன் மட்டும் இணையும் எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயம் சேர்க்கப்படுகிறது. கருவியில் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி லேசர் கதிரைக் கடக்கின்றன. சாயம் ஏற்ற அணு ஒளிர்கிறது; உணர்விகள் அதைப் பதிவு செய்கின்றன. இவ்வாறு நொடிக்கு ஆயிரக்கணக்கான அணுக்கள் ஆராயப்படுகின்றன. இறந்த அணுவினுள் மட்டும் புகும் வேறொரு சாயம், உயிருள்ளவற்றைத் தனியே கணக்கிட உதவுகிறது.

கன அளவை அறிய, தெரிந்த எண்ணிக்கையில் ஒளிரும் நுண்மணிகள் மாதிரியில் கலக்கப்படுகின்றன. 50,000 மணிகளில் 5,000 மணிகள் கருவியைக் கடந்தால், மாதிரியில் பத்தில் ஒரு பங்கு எண்ணப்பட்டது என்பது பொருள்.

கிருமியற்ற நிலை

வேறு பல மருந்துகளை இறுதியில் வெப்பத்தாலோ கதிர்வீச்சாலோ கிருமி நீக்கம் செய்யலாம். உயிரணு மருந்தை அவ்வாறு செய்தால் உயிரணுக்களே மாண்டுவிடும். 0.22 மைக்ரான் வடிகட்டி கிருமிகளைத் தடுக்கும். ஆனால் அவற்றைவிடப் பெரிய வெள்ளணுக்களையும் தடுத்துவிடும். கிருமி இல்லை என உறுதி செய்யும் வழக்கமான சோதனைக்கு 14 நாட்கள் ஆகும். அதுவரை காத்திருக்க நோயாளியால் பல வேளைகளில் இயலாது. எனவே தொடக்கம் முதலே கிருமி புகாமல் காப்பதொன்றே வழி.

பையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆபத்து நுழையலாம். ஆகையால், பையோடு இணைந்த குழாயின் சிறு பகுதியை வெப்பத்தால் மூடித் துண்டித்து மாதிரி எடுக்கப்படுகிறது. எண்ணிய மாதிரி மீண்டும் பையில் சேர்க்கப்படுவதில்லை. சில தானியங்கிக் கருவிகளில், ஒருமுறை மட்டுமே பயன்படும் மூடிய பேழைக்குள்ளேயே சாயமேற்றலும் எண்ணுதலும் முடிந்துவிடுகின்றன.

இந்தியாவின் அனுபவம்

ஒளிர்வு முறை இந்தியாவுக்குப் புதிதன்று. 2004-இல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு அரசு இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியபோது, சி.டி.4 வெள்ளணுக்களின் எண்ணிக்கை சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதை முடிவு செய்ய உதவியது. 2017 முதல் எண்ணிக்கை எவ்வாறிருப்பினும் அனைவருக்கும் சிகிச்சை என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. எனினும், நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்பதை அறிய இச்சோதனை இன்றும் உதவுகிறது.

2023 அக்டோபரில், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் டாடா நினைவு மையமும் இணைந்து உருவாக்கிய ‘நெக்ஸ்கார்-19’ என்னும் உயிரணு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இச்சிகிச்சையை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெளிநாடுகளைவிட மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் இச்சிகிச்சை பரவும்போது, அணுக்களைச் செம்மையாக எண்ணும் ஆய்வுக்கூடங்களின் தேவையும் பெருகும்.

கருவி தவறே செய்யாது எனக் கொள்வது பிழை. ஒட்டிக்கொண்ட இரு அணுக்களை அது ஒன்றாகக் கணக்கிடலாம். மாதிரியை அளந்து எடுப்பதில் நேரும் பிழையைத் தானே கண்டறியவும் இயலாது. ஆகவே கருவி வாங்குவதற்கான நிதியோடு, பணியாளர் பயிற்சி, அன்றாடச் சரிபார்ப்பு, வெளி அமைப்பின் தரச் சோதனை, குளிர்நிலையில் காக்க வேண்டிய சாயங்களின் தடையற்ற வழங்கல் ஆகியவற்றுக்கும் திட்டத்தில் இடம் ஒதுக்க வேண்டும். இவை நான்கும் அமைந்தால்தான் கருவி காட்டும் எண்ணை நம்பி மருத்துவர் மருந்தைச் செலுத்த முடியும்.