திருடர் யார்? கணிப்பொறியில் ஒரு கணக்கு

இரவு எட்டு மணிக்கே பாடப்புத்தகத்தின் மேல் தூங்கி விழும் பையன், கணிப்பொறியில் மர்ம விளையாட்டு ஒன்றைத் தொடங்கிவிட்டால் நள்ளிரவு வரை விழித்திருக்கிறான். சோம்பேறி என்று திட்டுவது எளிது. ஆனால் அந்த நேரம் முழுவதும் அவன் மூளை கடுமையாக உழைக்கிறது. கூலியில்லாத இந்த வேலையை அவன் ஏன் செய்கிறான்?

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு மாளிகையில் 64 பேர். அவர்களுள் ஒருவர் திருடர். நாம் கேட்பதற்கு ‘ஆம்’, ‘இல்லை’ என்றுதான் விடை கிடைக்கும். ‘இவரா? அவரா?’ என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனால் 63 கேள்விகள் வரை ஆகலாம். ‘மூக்குக்கண்ணாடி அணிந்தவரா?’ என்று கேளுங்கள். அணிந்தவர்கள் சரிபாதி எனில், விடை எதுவானாலும் 32 பேர் கழிந்துவிடுவர். பிறகு 16, 8, 4, 2, 1. ஆறே கேள்விகள்! இப்படிப் பாதியாக்கும் ஒரு விடையிலுள்ள செய்தியின் அளவே ‘பிட்’. 1948இல் கிளாட் ஷானன் வெளியிட்ட கோட்பாட்டின் அலகு இது. விடை முன்பே தெரிந்த கேள்வியில் செய்தி சுழி; இரண்டு விடைகளுக்கும் சம வாய்ப்பு உள்ளபோதே அது மிகுதி.

கணிப்பொறி விளையாட்டுகள் சிறுவர்களை ஏன் கட்டிப்போடுகின்றன என்று ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் தாமஸ் மலோன், 1981இல் சவால், கற்பனை, அறியும் ஆவல் என மூன்றைச் சுட்டினார். வெல்வோமா என்பது நிச்சயமில்லாதபோதுதான் சவால் பிறக்கும் என்றார் அவர். ஷானனின் கணக்கோடு இது எவ்வளவு ஒத்துப்போகிறது, பாருங்கள்! புள்ளிகளும் பரிசுகளும் எனக்கு இரண்டாம்பட்சமாகவே தோன்றுகின்றன.

2018இல் லூக்கஸ் போப் உருவாக்கிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ நல்ல சான்று. ஆண்டு 1807. காணாமற்போன கப்பலொன்று ஆளின்றித் திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர் நீங்கள். அதிலிருந்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன நேர்ந்தது என்று கண்டறிய வேண்டும். இறந்தவரின் கடைசிக் கணத்தை உறைந்த காட்சியாகக் காட்டும் கடிகாரம் ஒன்று உங்களிடம் உண்டு. மாலுமி உறங்கும் தூளியில் ஓர் எண். பெயர்ப் பட்டியலிலும் அதே எண். இதைக் கண்டுபிடிக்கும் நொடியில் உண்டாகும் களிப்பு இருக்கிறதே, அதுதான் கூலி!

குருட்டாம்போக்கில் எழுதினால் என்ன? ஒவ்வொரு முகத்துக்கும் சரியா தவறா என்று உடனே சொல்லிவிட்டால், 60 பெயர்களையும் மாற்றி மாற்றிப் போட்டே முடித்துவிடலாம். போப் அதை விடவில்லை. மூவர் சரியான பிறகே விளையாட்டு ஒப்புக்கொள்ளும். பெயரை மட்டும் கணக்கில் கொண்டாலும் 60 × 59 × 58, அதாவது 2,05,320 வழிகள்!

இருவரைத் தர்க்கத்தால் உறுதிசெய்துவிட்டு, மூன்றாமவருக்கு மட்டும் பெயர்களை மாற்றிப் பார்க்கும் குறும்பர்களும் உண்டு. அவர்களுக்கு அதிகபட்சம் எத்தனை முயற்சிகள் தேவைப்படும்? நீங்களே கணக்கிடுங்கள்.