உங்களுக்குத் தெரியுமா? ஆளைத் துரத்தினார்கள்... பாட்டு உலகம் சுற்றியது!

பாஸ்போர்ட்டைப் பிடுங்கினால் பாட்டு நின்றுவிடுமா? 1950-ல் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டை அமெரிக்க அரசு பறித்தது. மனிதர் அசரவில்லை! 1957-ல் நியூயார்க் ஸ்டுடியோவில் உட்கார்ந்தபடியே, கடலுக்கு அடியில் போகும் டெலிபோன் கேபிள் வழியாக வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாடினார். போர்த்கால் அரங்கில் கேட்டவர்கள் சுமார் 5,000 பேர். அவர்களும் பதிலுக்கு போனிலேயே பாடினார்கள்!

அதற்கும் முன்பு, 1952-ல் கனடா போகவிடாமல் மறித்தார்கள். எல்லைக்கோட்டு ஓரமாக ஒரு லாரியை நிறுத்தி அதன்மேல் ஏறிப் பாடினார் ராப்சன். கோட்டுக்கு இந்தப் பக்கம் பாடகர், அந்தப் பக்கமும் ஜனக்கூட்டம்! ஏற்பாடு செய்தது யார்? சுரங்கத் தொழிலாளர் சங்கம்!

1967-ல் ஆட்சியைப் பிடித்த கிரேக்க ராணுவம் 13-ம் எண் உத்தரவு ஒன்றைப் போட்டது. இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடராக்கிஸின் பாட்டைப் பாடக் கூடாது. கேட்கவும் கூடாது! அவரைக் குடும்பத்தோடு மலைக்கிராமத்தில் காவலில் வைத்தார்கள். 1970-ல் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு ஊர் ஊராகக் கச்சேரிதான்!

இனி வருவது நம்பவே முடியாதது. ஆகஸ்ட் 1933. ஜெர்மனியின் பெர்கர்மோர் வதைமுகாம். நாள் முழுக்க மண்வெட்டியோடு சதுப்பு நிலத்தில் வேலை. அங்கே கைதிகளே ஒரு 'சர்க்கஸ்' நடத்தினார்கள். அதில் ஒரு புதுப் பாட்டு! எழுதியவர்கள் ஒரு சுரங்கத் தொழிலாளியும் ஒரு நடிகரும். மெட்டுப் போட்டவர் ரூடி கோகல், அவரும் கைதி!

தோளில் மண்வெட்டியுடன் 16 பேர் அணிவகுத்து வந்தார்கள். பெரும்பாலோர் சோலிங்கன் ஊர்த் தொழிலாளர் பாடகர் குழுவினர். கடைசிச் சரணத்தில் 16 மண்வெட்டிகளும் ஒரே நேரத்தில் மண்ணில் குத்தி நின்றன! காவல் நின்ற நாஜிகளே சேர்ந்து பாடினார்கள். இரண்டே நாளில் தடை!

தடை போட்டு என்ன பயன்? பாட்டு வேலி தாண்டிவிட்டது! 1935-ல் லண்டனில் இருந்த ஹான்ஸ் ஐஸ்லர் காதில் விழுந்தது. அவரே நாடு கடந்து வந்த இசையமைப்பாளர். மெட்டைக் கொஞ்சம் மாற்றினார். ஜெர்மன் பாடகர் எர்ன்ஸ்ட் புஷ் அதை ஸ்பெயின் உள்நாட்டுப் போர்முனைக்கே கொண்டுபோய்ப் பாடினார்!

1938-ல் பார்சிலோனாவில் புஷ் இசைத்தட்டுப் பதிவு செய்தார். தலைக்கு மேலே குண்டுவீச்சு! கரண்ட் நின்று நின்று வந்தது. விமானத் தாக்குதலில் மின்சாரம் தடைப்பட்டதால் ஒலி சரியில்லை என்று தட்டோடு ஒரு குறிப்பும் வைத்துவிட்டார்கள். இதைவிட வீரமான மன்னிப்புக் கடிதம் உண்டா!

அந்த ஐஸ்லர் ஹாலிவுட்டிலும் கலக்கினார். ஆஸ்கருக்கு இரண்டு முறை பரிந்துரை! ஆனால் 1947-ல் அமெரிக்க விசாரணைக் குழு அவருக்கு வைத்த பெயர் 'இசையுலகின் கார்ல் மார்க்ஸ்'! எதிராகச் சாட்சி சொன்னது சொந்த அக்கா! 1948-ல் வெளியேற்றினார்கள். அடுத்த வருஷமே கிழக்கு ஜெர்மனியின் தேசிய கீதத்துக்கு அவர்தான் இசை!

அவருடைய அண்ணன் கெர்ஹார்ட்? வழியனுப்ப வந்தவர்போல டிக்கெட் வாங்கி போலந்துக் கப்பலில் ஏறி, அப்படியே அமெரிக்காவிலிருந்து தப்பித்துவிட்டார்! டிக்கெட் விலை 25 சென்ட்!

சிலியின் இன்டி-இல்லிமானி இசைக்குழு 1973 செப்டம்பரில் ஐரோப்பாவில் சுற்றுப்பயணத்தில் இருந்தது. அங்கே ஊரில் ராணுவப் புரட்சி! திரும்பிப் போக வழியில்லை. சில வாரச் சுற்றுப்பயணம் இத்தாலியில் 15 வருஷ வாழ்க்கையாக நீண்டது!

அவர்களுடைய தோழர், பாடகர் விக்டர் ஹாராவை ராணுவம் கொன்றது. பாட்டை விட்டுவைக்குமா? அதற்குள் அவர் மனைவி ஜோன் ஒலிநாடாக்களை ரகசியமாக நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோய்விட்டார். நம் காதில் இன்று விழும் குரல் அப்படித் தப்பியதுதான்!

இப்போது பெரிய பாட்டு. உலகத் தொழிலாளர்களின் 'இன்டர்நேஷனல்'! பாரிஸ் கம்யூன் என்ற தொழிலாளர் ஆட்சி வீழ்ந்த கையோடு, 1871 ஜூனில், தலைமறைவாக இருந்து எழுதியவர் எழேன் பொத்தியே. பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா என்று ஓட்டம். இவர் இல்லாமலே மரண தண்டனைத் தீர்ப்பு! அச்சில் வந்தது 1887-ல். அதே வருஷம் இறந்துபோனார். உலகமே பாடும் அந்த மெட்டை, பாட்டை எழுதியவர் கேட்டதே இல்லை!

மெட்டு பிறந்தது 1888-ல், பிரான்ஸின் லில் நகரில். போட்டவர் மரக்கடைசல் தொழிலாளி பியேர் தெகைத்தர். முதலில் பாடிய மேடை பேப்பர் விற்பவர்கள் சங்க விழா! 6,000 பிரதி அச்சடித்தார்கள். வேலை போய்விடுமே என்று முழுப் பெயர் போடவில்லை, குடும்பப் பெயர் மட்டும். அப்படியும் வேலை போனது!

அந்த அரைப் பெயர்தான் வினை! மெட்டு என்னுடையது என்று தம்பி அடால்ஃப் உரிமை கொண்டாடினார். 1914-ல் தம்பி பக்கமே தீர்ப்பு. அண்ணனுக்கு நியாயம் கிடைத்தது 1922-ல்தான்! தம்பியே எழுதிவைத்துவிட்டுப் போன கடிதம் உண்மையைச் சொன்னது.

சோவியத் யூனியனுக்கு 1944 வரை இந்தப் பாட்டுதான் தேசிய கீதம்! கிழவர் தெகைத்தரை மாஸ்கோவுக்கு அழைத்துக் கௌரவித்து, பென்ஷனும் கொடுத்தார்கள்.

அதிசயம் இன்னும் முடியவில்லை. 2005-ல் ஒரு பிரெஞ்சு சினிமாக்காரரிடம் பதிப்புரிமை அமைப்பு 1,000 யூரோ கேட்டது. என்ன குற்றம்? படத்தில் இந்த மெட்டைச் சில நொடிகள் விசிலடித்தது! பாட்டாளிகளின் இந்த மெட்டு பிரான்ஸில் யாருக்கும் கட்டணமில்லை என்று ஆன வருஷம் 2017!