அடிநாதம்

நுழையும்முன்

பாடலொன்றைக் கேட்கும்போது பாடுபவரின் குரலே முதலில் செவியில் விழுகிறது. அக்குரலைத் தாங்கி நிற்கும் தாழ்ந்த ஒலியைப் பலரும் தனியே பிரித்துக் கேட்பதில்லை. அந்தத் தாழ்ந்த ஒலியை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர்கள், கரீபியக் கடலில் உள்ள ஜமைக்கா என்னும் சிறு தீவின் எளிய மக்கள். அங்குப் பிறந்த ரெகே, டப் ஆகிய இசைவகைகளில் பேஸ் கிட்டார் பெற்ற இடத்தையும் அதனை இசைத்த கலைஞர்கள் பெற்றதையும் பெறாததையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மெலிவின் வலிமை

தமிழிசை மரபு ஒலிநிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுக்கும். அவற்றுள் தாழ்ந்த நிலையே மெலிவு. உலகின் பல இசைமரபுகளில் மெலிவு துணைநிற்கும் ஒலியாகவே இருந்துவந்துள்ளது. பாடகரோ வேறொரு கருவியோ முன்னே செல்ல, அது பின்னே நின்று தாங்கும். ரெகே இசையில் இந்த வரிசை மாறியது. கேட்போர் நினைவில் நிறுத்துவதும் முணுமுணுப்பதும் பல வேளைகளில் பேஸ் கிட்டாரின் மெட்டையே ஆகும். பாடகர் மாறலாம், சொற்கள் மாறலாம், அந்த மெட்டு மாறாமல் தொடரும். இம்மாற்றம் ஏன் ஜமைக்காவில் நிகழ்ந்தது என்பதை அறிய அத்தீவின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

தெருவே அரங்கு

ஜமைக்காவை 1655ஆம் ஆண்டு ஆங்கிலேயர் கைப்பற்றினர். கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்காக ஆப்பிரிக்காவிலிருந்து மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் முழு விடுதலை பெற்றது 1838இல். நாடு விடுதலை அடைந்தது 1962 ஆகஸ்ட் 6ஆம் நாள். இதற்கிடையில் பிழைப்புத் தேடித் தலைநகர் கிங்ஸ்டனுக்கு வந்த சிற்றூர் மக்கள், நகரின் மேற்குப் பகுதியில் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். உயர்தர விடுதிகளில் நடைபெறும் இசைநிகழ்ச்சிகள் அவர்களுக்கு எட்டாதவையாக இருந்தன.

அம்மக்கள் தமக்கென ஓர் அரங்கை உருவாக்கிக்கொண்டனர். இசைத்தட்டுக் கருவியையும் ஒலிபெருக்கிகளையும் வண்டியில் ஏற்றிவந்து, திறந்த வெளியில் நிறுத்தி, அமெரிக்கப் பாடல்களை ஒலிக்கச் செய்தனர். இவ்வமைப்பு 'சவுண்ட் சிஸ்டம்' எனப்பட்டது. டியூக் ரீட், காக்ஸன் டாட் முதலியோர் நடத்திய சவுண்ட் சிஸ்டங்கள் 1950களில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. எந்தப் பெட்டியின் ஒலி மார்பில் வந்து மோதுகிறதோ அதனை நோக்கியே கூட்டம் சென்றது. எனவே, ஆளுயரப் பெட்டிகள் செய்யப்பட்டன. தாழ்ந்த ஒலியை மிகுவிப்பதே தொழில்திறனாகக் கருதப்பட்டது.

தாழ்ந்த ஒலிக்கு அத்தகைய ஆற்றல் இருப்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வொலி அலையின் நீளம் 8 மீட்டருக்கும் மிகுதி. அத்துணை நீண்ட அலை சுவரையும் மனிதக் கூட்டத்தையும் எளிதில் வளைந்து கடக்கும். செவி கேட்பதற்கு அப்பால் மார்பும் வயிறும் காலடி நிலமும் அதனை உணரும். சிறிய ஒலிபெருக்கியால் இதனை வெளிப்படுத்த இயலாது. பெரிய பெட்டிகளைக் கட்டிய மக்கள், அவற்றுக்கு ஏற்ற இசையையும் விரைவில் தாமே படைத்தனர்.

இடைவெளியைக் கற்ற கருவி

1951ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவரின் நிறுவனம் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் மின்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதுவரை தாழ்ந்த ஒலியை எழுப்பிய டபிள் பேஸ், ஆள் உயரத்தையும் விஞ்சிய மரக்கருவி. புதிய கருவியோ தோளில் மாட்டிக்கொள்ளத் தக்கது. நான்கு தந்திகளை உடையது. மின்பெருக்கியின் துணையால் எவ்வளவு ஓங்கியும் ஒலிக்க வல்லது.

ஜமைக்காவில் பிறந்த இசைவகையான ஸ்கா, விரைந்த நடையை உடையது. ஸ்கடலைட்ஸ் குழுவில் லாய்டு பிரெவெட் டபிள் பேஸைத் தாளத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சுரமாக, இடைவிடாது நடக்கச் செய்தார். 1966 அளவில் நடை தளர்ந்து 'ராக்ஸ்டெடி' பிறந்தது. நடை மெதுவானதும் சுரங்களுக்கு இடையே வெளி தோன்றியது. மின் பேஸை இசைத்த ஜாக்கி ஜாக்சன், லெராய் சிப்ள்ஸ் போன்றோர் அவ்வெளியை நிரப்ப விரையவில்லை. சில சுரங்களை இசைத்து, நிறுத்தி, மீண்டும் தொடங்கினர். இவ்வாறு பேஸ், தாளத்தை எண்ணும் கருவி என்னும் நிலையிலிருந்து மெட்டைப் பேசும் கருவியாக வளர்ந்தது. 1968இல் மேடல்ஸ் குழுவினர் வெளியிட்ட பாடலொன்றின் தலைப்பில் 'ரெகே' என்னும் பெயர் இடம்பெற்றது. அப்பெயரே இசைவகைக்கும் நிலைத்தது.

முதல் அடியின் மௌனம்

ரெகே இசையின் தாள அமைப்புகளுள் சிறப்பானது 'ஒன் டிராப்'. நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் பெரும்பாலான மேற்கத்திய நடன இசை முதல் எண்ணிக்கையை அழுத்திச் சொல்லும். ஒன் டிராப் அமைப்பில் முதல் எண்ணிக்கையில் முரசு ஒலிப்பதில்லை; மூன்றாம் எண்ணிக்கையிலேயே அழுத்தம் விழுகிறது. இரண்டிலும் நான்கிலும் கிட்டார் சுருக்கமாக வெட்டி ஒலிக்கிறது. பேஸ் கிட்டாரும் முதல் எண்ணிக்கையைப் பல பாடல்களில் விட்டுவிட்டு, அதன் பின்னரே நுழைகிறது. தாளத்தின் தொடக்கத்தைக் கடந்த பின் பாடல் எடுப்பதை நம் இசைமரபு 'அனாகத எடுப்பு' என வழங்குவதை இங்கு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம்.

இதனை இசைக்கப் பழகுவோர் முதலில் கற்பது விரல் விரைவை அன்று, நிறுத்தும் முறையை. தந்தியை மீட்டுவது ஒரு செயல். அதன் ஒலியை உரிய நொடியில் அடக்குவது மற்றொரு செயல். ஒலி சற்றே நீண்டுவிட்டால் அடுத்த மௌனம் கெட்டுவிடும். மௌனம் கெட்டால் ஆடுவோரின் காலடி தடுமாறும். கலைஞர்கள் மழமழப்பான தந்திகளைப் பூட்டுவர். கருவியின் கழுத்துப் பகுதிக்கு அருகில் மீட்டுவர். கூரிய ஒலியைக் குறைக்கும் திருகியை இறக்கி வைப்பர். உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியின்மேல் மெல்லப் பதித்துக் கட்டைவிரலால் மீட்டுவோரும் உண்டு. இவற்றால் உருண்டு திரண்ட, கனத்த ஒலி பிறக்கிறது.

அடுத்துக் கற்க வேண்டியது பொறுமை. நான்கைந்து சுரங்களாலான ஒரே மெட்டை ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ பிறழாமல் இசைத்தல் வேண்டும். திறமையைக் காட்டும் ஆவலில் சுரங்களைக் கூட்டினால், அதன்மேல் நிற்கும் பாடகரும் பிற கருவியாளரும் நிலைகுலைவர். வீட்டின் கடைக்கால் தன்னை அசைத்துக் காட்டுவதில்லை.

ஆசிரியரும் மாணவரும்

இக்கலையின் பெரும்பெயர்களுள் ஒன்று ஆஸ்டன் பாரெட். 1946இல் கிங்ஸ்டனில் பிறந்த இவர், 'ஃபேமிலி மேன்' என்னும் சிறப்புப் பெயரால் அறியப்பட்டார். உலோகப் பற்றுவைப்புத் தொழிலைக் கற்றவர். விலைகொடுத்துக் கருவி வாங்க இயலாத இளமையில், ஒட்டுப்பலகையைக் கொண்டு தமது முதல் பேஸைத் தாமே செய்துகொண்டார். இவருடைய தம்பி கார்ல்டன் பாரெட் முரசுக் கலைஞர். பேஸும் முரசும் ஓருயிராக இயங்க வேண்டிய இசையில், உடன்பிறந்தோர் இருவர் அவ்விடங்களில் அமைந்தது பெரும்பேறு. பாப் மார்லியின் வெயிலர்ஸ் குழுவில் இருவரும் இணைந்த பின், ரெகே உலகெங்கும் ஒலித்தது. ஆஸ்டன் பேஸ் இசைத்ததோடு குழுவின் இசையமைப்பையும் நெறிப்படுத்தினார்.

அவரை அணுகிக் கற்ற இளைஞர் ராபி ஷேக்ஸ்பியர். 1973இல் வெயிலர்ஸ் வெளியிட்ட 'கேட்ச் எ ஃபயர்' தொகுப்பில் பெரும்பாலான பாடல்களுக்கு ஆஸ்டன் பேஸ் இசைத்தார். முதல் பாடலுக்கு இசைத்தவரோ மாணவர் ராபி. தம் இடத்தில் மாணவரை நிற்கச் செய்து கேட்கும் மனம் அந்த ஆசிரியருக்கு இருந்தது. ராபி பின்னர் முரசுக் கலைஞர் ஸ்லை டன்பருடன் இணைந்து பல நாட்டுப் பாடகர்களுக்கும் இசைத்துப் புகழ்பெற்றார். 2021இல் மாணவரும் 2024இல் ஆசிரியரும் மறைந்தனர்.

குரல் விலகிய பின்

1960களின் இறுதியில் ஒருநாள், சவுண்ட் சிஸ்டம் ஒன்றுக்காகத் தயாரிக்கப்பட்ட இசைத்தட்டில் பாடகரின் குரல் தவறுதலாக விடுபட்டது. அதனை அப்படியே ஒலிக்கச் செய்தபோது, கூடியிருந்த மக்கள் விடுபட்ட பாடலைத் தாமே பாடி மகிழ்ந்தனர் என்பர். அதுமுதல் இசைத்தட்டின் ஒருபுறம் பாடலும் மறுபுறம் குரலற்ற வடிவமும் இடம்பெறும் வழக்கம் பரவியது.

இவ்வழக்கத்தைத் தனிக்கலையாக உயர்த்தியவர் கிங் டபி எனப்பட்ட ஆஸ்பர்ன் ரட்டக். வானொலிப் பெட்டிகளையும் மின்கருவிகளையும் பழுதுபார்ப்பது இவரது தொழில். தம் வீட்டின் சிறு அறையில் ஒலிக்கலவைப் பலகையை அமைத்து, முன்பே பதிவான பாடலைப் பிரித்துக் கட்டினார். குரலை ஒரு சொல்லோடு நிறுத்துவார். கிட்டாரை மறையச் செய்வார். முரசின் ஓர் அடியை எதிரொலிக்குள் செலுத்துவார். காந்த நாடாவில் பதிவான ஒலி, சற்றுத் தள்ளி அமைந்த மற்றொரு முனையைக் கடக்கும்போது காலந்தாழ்ந்து மீண்டும் ஒலிக்கும். அதனையே திரும்பத் திரும்பப் பதிவுக்குள் அனுப்பினால் எதிரொலி அடுக்கடுக்காய்த் தேய்ந்து மறையும். இவ்வாறு பிறந்ததே 'டப்'.

எல்லாம் விலகிய பின்னும் டப் இசையில் எஞ்சி நிற்பவை முரசும் பேஸும். மறைந்துகொள்ள இடமில்லாத வெட்டவெளியில் பேஸ் கலைஞர் தனித்து நிற்கிறார். அவர் விட்ட இடைவெளி சரியாக இருந்தால்தான் அதற்குள் எதிரொலி அழகாய் விரியும். மேடையில் டப் இசைக்கும் குழுக்களில், ஒலிப்பொறியாளர் எந்த நொடியிலும் பிற கருவிகளை நீக்கக்கூடும் என்பதை அறிந்தே அவர் இசைக்கிறார்.

| தெரிந்து தெளிவோம் |
| 1985இல் ஜமைக்காவில் வெளிவந்து பெரும்புகழ் பெற்ற 'ஸ்லெங் டெங்' என்னும் இசையில் பேஸ் கிட்டார் இல்லை. கேசியோ எம்டி-40 என்னும் சிறிய மின்விசைப்பலகையில் முன்னரே பதியப்பட்டிருந்த தாளமும் பேஸ் மெட்டுமே அதன் அடிப்படை. அதனை உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த ஒக்குடா ஹிரோகோ. |

மெட்டு யாருக்கு உரியது?

ஜமைக்காவில் பேஸும் முரசும் சேர்ந்த அடிப்படை அமைப்பை 'ரிடிம்' என்பர். ஒரே ரிடிமின்மேல் பலர் பலகாலம் வெவ்வேறு பாடல்களைப் பாடுவது அங்கு இயல்பு. 1960களின் இறுதியில் லெராய் சிப்ள்ஸ் பேஸ் இசைத்த 'ஃபுல் அப்' என்னும் ரிடிம், 1982இல் இங்கிலாந்தின் மியூசிக்கல் யூத் என்னும் சிறுவர் குழுவின் பாடலுக்கு அடிப்படையாக அமைந்தது. அப்பாடல் அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பொதுக்கிணற்றில் பலரும் நீர் முகப்பதுபோல், மெட்டு ஊருக்கே பொதுவாக இருந்தது.

இந்தப் பகிர்வு கலையை வளர்த்தது. கலைஞரின் வாழ்வை வளர்த்தது என்று சொல்வதற்கில்லை. ஒலிப்பதிவுக்கூடங்களில் கருவியிசைத்தோர் பலர் அன்றைய கூலியை மட்டுமே பெற்றனர். எழுத்தாளராகப் பதிவு பெற்றவர் சொல்லை எழுதியவரோ தயாரிப்பாளரோ ஆவார். பேஸ் மெட்டைப் படைத்தவர் பெயர் அதில் அரிதாகவே இடம்பெற்றது. தமக்கும் தம்பிக்கும் உரிய பங்கு வேண்டும் என்று ஆஸ்டன் பாரெட் தொடுத்த வழக்கை 2006இல் இலண்டன் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. முன்னர்ச் செய்துகொண்ட உடன்பாட்டில் அவர் உரிமைகளை விட்டுக்கொடுத்துவிட்டார் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. சட்டத்தின் முடிவு அதுவாயினும், ஒரு பாடலைப் படைத்தவர் யார் என்னும் வினா இன்றும் உயிருடன் இருக்கிறது. குரலை நீக்கினாலும் அடையாளம் காணத்தக்க பாடலில், அந்த அடையாளத்தைத் தந்தவருக்குரிய இடம் யாது?

கடல் கடந்த ஒலி

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கரீபிய மக்கள் பலர் இங்கிலாந்தில் குடியேறினர். நிறவேற்றுமையால் பொது விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது, வீட்டு நிலவறைகளிலும் சமுதாயக் கூடங்களிலும் சவுண்ட் சிஸ்டங்களை நிறுவினர். ஜமைக்காவில் பிறந்து இலண்டனில் வாழும் கவிஞர் லின்டன் க்வெசி ஜான்சன், தம் கவிதைகளை ரெகே தாளத்தில் வழங்கினார். 1980இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் 'பேஸ் கல்ச்சர்'. தாழ்ந்த ஒலியை ஒரு மக்களின் பண்பாடாகவே அப்பெயர் சுட்டுகிறது. அத்தொகுப்பின் உருவாக்கத்தில் துணைநின்ற டென்னிஸ் போவெல் ஒரு பேஸ் கலைஞர். 2018இல் யுனெஸ்கோ நிறுவனம் ஜமைக்காவின் ரெகே இசையை மானுடத்தின் தொட்டுணரா மரபுச்செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அடுத்தமுறை ரெகே பாடலொன்று ஒலிக்கும்போது, குரலைச் சற்று மறந்து அதன் அடியில் செல்லும் மெட்டைக் கேட்கலாம். அது எங்கே ஒலிக்கிறது, எங்கே ஒலிக்காமல் காத்திருக்கிறது என்பதைக் கவனித்தால், அப்பாடலைத் தாங்கும் கைகள் புலப்படும். ஒட்டுப்பலகையில் கருவி செய்த இளைஞரின் கைகளும் அவற்றுள் அடங்கும்.