முன்பணத்துக்கு முந்தைய உரையாடல்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த மாரண்டஹள்ளி, ஊட்டியையோ ஏற்காட்டையோ போலப் பெயரைச் சொன்னவுடன் மலையும் மூடுபனியும் நினைவுக்கு வரும் சுற்றுலாத்தலம் அன்று. பஞ்சப்பள்ளி சின்னாறு அணையையும் ஒகேனக்கல்லையும் பார்க்க விரும்பும் பெங்களூருக் குடும்பம் ஒன்று இப்பகுதியின் பண்ணை வீட்டில் இரண்டு நாள் தங்க எண்ணினால், வீட்டு உரிமையாளர் அனுப்பும் செய்திகளைக் கொண்டுதான் அது ஊரையே கற்பனை செய்துகொள்கிறது. விடுமுறை வாடகை வீடு, அதாவது பயணிகளுக்கு நாள் கணக்கில் விடப்படும் வீடு, நடத்துபவர் முன்பணம் பெறுவதற்கு முன்பே விருந்தினரிடம் எவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

விரைவாகப் பதில் தருவது பற்றி அதிகம் பேசப்படுகிறது. ஏர்பிஎன்பி தளத்தில் முன்பதிவுக் கோரிக்கைக்கு 24 மணி நேரத்துக்குள் விடை தராவிட்டால் அது காலாவதியாகிவிடும். சூப்பர்ஹோஸ்ட் என்ற தகுதியைப் பெறுவதற்கான நிபந்தனைகளுள் ஒன்று 90 விழுக்காட்டுக்குக் குறையாத மறுமொழி விகிதம், அதாவது வந்த விசாரணைகளில் உரிய நேரத்தில் விடை பெற்றவற்றின் பங்கு. தளங்களின் வணிகத்துக்கு இது பொருந்தும். ஆயினும் 'அறை இருக்கிறது, எத்தனை பேர்?' என்று இரண்டே நிமிடத்தில் வரும் வாட்ஸ்அப் செய்தியைவிட, விருந்தினர் கேட்கத் தெரியாமல் விட்ட கேள்விக்கும் விடை தாங்கிச் சற்றுத் தாமதமாக வரும் செய்தியே இருதரப்புக்கும் பயன் தருகிறது.

மாரண்டஹள்ளிப் பக்கத்தில் அவ்வாறு கேட்கப்படாமல் போகும் கேள்விகளுள் முதன்மையானது யானையைப் பற்றியது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 நவம்பரில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இப்பகுதியில் யானைகள் காட்டை விட்டு விளைநிலங்களுக்குள் வருவது புதிதன்று. 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளியை அடுத்த காளிக்கவுண்டன் கொட்டாயில், சட்டவிரோதமாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்ததும் நாடறிந்த செய்தி. 'யானை வரும் இடம்' என்பதை விளம்பர வாசகமாக்கும் உரிமையாளர், அதே யானை விருந்தினரின் குழந்தைக்கு எதிரே வந்து நிற்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறார். பொழுது சாய்வதற்குள் வந்து சேர வேண்டும், இருட்டிய பின் தோட்டத்துப் பக்கம் நடந்து போகக் கூடாது என்ற இரண்டையும் முன்பதிவுக்கு முன்பே எழுத்தில் சொல்வதால் சில விருந்தினர் விலகிப் போகலாம். அவர்கள் வந்த பிறகு பதறுவதைவிட வராமல் இருப்பதே நல்லது.

அடுத்தது ஆறு. கர்நாடக எல்லையோரமுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் நீர்வரத்தை வினாடிக்கு இத்தனை கனஅடி என்று அளக்கிறது. ஒரு கனஅடி ஏறத்தாழ 28 லிட்டர். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகளிலிருந்து திறக்கப்படும் நீர் பெருகும்போது, ஒகேனக்கல் அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வருபவருக்குப் 'பரிசல் சவாரி உண்டு' என்று உறுதி கூறுவது, தம் கையில் இல்லாத ஒன்றை விற்பதற்குச் சமம். தடை வந்தால் வாடகை திருப்பித் தரப்படுமா, வேறு தேதி தரப்படுமா, இரண்டும் இல்லையா என்பதே ரத்து நிபந்தனையின் உள்ளடக்கம். பணம் கைமாறிய பிறகு தெரிவிக்கப்படும் நிபந்தனை சச்சரவுக்கே வழிவகுக்கும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் கட்டாயமானபோதும், உரிமையாளர் உருவாக்காத ஒரு விதியை உரிமையாளரே விருந்தினருக்கு எடுத்துரைக்க வேண்டிய இதே நிலை எழுந்தது.

வழி சொல்வதிலும் கவனம் தேவை. மாரண்டஹள்ளிக்குச் சேலம்–பெங்களூரு பாதையில் ரயில் நிலையம் இருந்தாலும் எல்லா விரைவு ரயில்களும் அங்கு நிற்பதில்லை என்பதால், 'ரயில் வசதி உண்டு' என்னும் வாசகம் பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று.

உரையாடல் ஒருவழிப் பாதையாகவும் இருத்தல் ஆகாது. எத்தனை பேர் என்று கேட்கும்போது குழந்தைகளும் டிரைவரும் அந்தக் கணக்கில் சேர்கிறார்களா என்று தெளிவுபடுத்திக்கொள்ளாததால், இரவு பத்து மணிக்கு டிரைவர் எங்கே படுப்பார் என்ற சிக்கல் எழுவது தென்னிந்தியத் தங்கும் விடுதிகளுக்கே உரிய பழைய கதை. விருந்தினரோ, போலி விளம்பரங்களில் பணம் இழந்தோர் செய்தியைப் படித்தவராக, யுபிஐ வழி முன்பணம் அனுப்பத் தயங்குகிறார். வாசல் முதல் குளியலறை வரை காணொளி அழைப்பில் நடந்து காட்டுவது, அவர் மனத்தில் படத்தொகுப்பு தராத நம்பிக்கையைத் தரும்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினரும் உடன் வருகிறாரா என்பதையும் அப்போதே கேட்பது முறை. தங்கும் வெளிநாட்டவரின் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையவழியே குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது உரிமையாளரின் சட்டக் கடமை. நெடுங்காலமாக இது சி படிவம் என்றே வழங்கிவருகிறது. கடவுச்சீட்டு, விசா நகல்கள் அதற்காகத் தேவைப்படும் என்பதைத் தேதியை உறுதிசெய்யும் செய்தியிலேயே எழுதிவிட்டால், பெட்டியோடு வாசலில் நிற்பவரிடம் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வராது.