மூலக் கடிதம் என்ன சொல்கிறது?

ராமன் விளைவை நீங்கள் படித்திருப்பீர்கள். "1928 பிப்ரவரி 28 அன்று சர் சி. வி. ராமன் கண்டுபிடித்தார்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். பாதரச விளக்கு, நிறமாலைமானி, கோடுகள் ஆகியவற்றைப் படமாகவும் வரைந்திருப்பீர்கள். ஆனால், இவையெல்லாம் நமக்கு எப்படித் தெரிந்தன என்று எப்போதாவது கேட்டதுண்டா?

சென்ற ஆண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போயிருந்தேன். அங்கே பள்ளி மாணவர்களுக்கு ஒரு வகுப்பு நடத்த வேண்டும். கையில் கருவி எதுவும் இல்லை. லண்டனில் வெளியாகும் 'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31 அன்று வந்த ஒரு கடிதத்தின் நகல் மட்டும் இருந்தது. ராமன் விளைவை உலகுக்கு அறிவித்த மூலக் கடிதம் அது. இரண்டு பக்கம்கூட நிரம்பாது.

"அறிவியலை விட்டுவிடுங்கள். முதலில் பெயரையும் தேதியையும் பாருங்கள்" என்றேன்.

அடியில் இரண்டு பெயர்கள் இருந்தன. ராமனுடன் கே. எஸ். கிருஷ்ணன்! இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர் இவர். தேதியோ பிப்ரவரி 16. கண்டுபிடித்த நாள் என்று நாம் மனப்பாடம் செய்த தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பே கடிதம் எழுதியாயிற்று!

"அப்படியானால் புத்தகம் பொய்யா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பதிலுக்கு அவசரப்படாமல் கடிதத்துக்குள் போவோம்.

பாதரச விளக்கு இதில் இல்லவே இல்லை. ராமன் எழுதிய அடுத்த கடிதத்தில்தான் அது வருகிறது. இங்கே விளக்கு சூரியன்தான். 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி வில்லை ஒன்றும், அதன் பின் இன்னொரு சிறு வில்லையும் சூரிய ஒளியைக் குவிக்கின்றன. குவியுமிடத்தில் தூசியே இல்லாத, பலமுறை வாலை வடித்துத் தூய்மை செய்த திரவம் இருக்கிறது. அதனூடே ஒளியின் தடம் தெரியும்.

இனி இரண்டு வடிகட்டிகள். ஒன்று நீல-ஊதா நிறத்தை மட்டும் விடும். மற்றது மஞ்சள்-பச்சை நிறத்தை மட்டும் விடும். இரண்டையும் திரவத்துக்கு முன்னால் வைத்தால் தடம் அடியோடு மறைந்துவிடுகிறது. முதலாவதை அங்கேயே விட்டு, இரண்டாவதைத் திரவத்துக்கும் கண்ணுக்கும் இடையே நகர்த்துகிறார்கள். தடம் மீண்டும் தெரிகிறது! ஏன்? சற்று நிறுத்தி யோசியுங்கள்.

திரவத்துக்குள் போனது நீல-ஊதா ஒளி மட்டுமே. கண்ணுக்கு வந்ததோ மஞ்சள்-பச்சை. ஆகவே நிறம் மாறியது திரவத்துக்குள்ளேதான். சுமார் 60 திரவங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் இது கூடவோ குறையவோ தெரிந்தது. இது ஒளிர்தலாக இருக்கலாமே என்ற சந்தேகத்துக்கும் அவர்களே பதில் சொல்கிறார்கள்: சிதறி வந்த ஒளி முனைவாக்கம் பெற்றிருக்கிறது.

வகுப்பில் கடையில் வாங்கிய நீலக் கண்ணாடித்தாளையும் மஞ்சள் கண்ணாடித்தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சன்னலுக்கு நேரே பிடித்தோம். "இருட்டாகவில்லையே சார், பச்சையாகத் தெரிகிறதே!" என்றார்கள். தோல்விதான். ஆனால் 'அடியோடு' என்ற ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்று அப்போதுதான் விளங்கிற்று. இரண்டும் சேர்ந்து சிறிதளவு ஒளியை விட்டிருந்தாலும் முழு வாதமும் சரிந்திருக்கும். (நண்பர்களே, வில்லை வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள்.)

சரி, பிப்ரவரி 28? அன்றுதான் நிறமாலைமானி வழியே பார்த்து, மாறிய நிறத்தைத் தனியாகப் பிரித்தறிந்தார்கள். 1987 முதல் அந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். புத்தகம் பொய் சொல்லவில்லை. பல நாள் உழைப்பை ஒரே நாளாகச் சுருக்கிவிட்டது. சுருக்கும்போது ஒரு பெயரும் விடுபட்டுப் போகிறது.

தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அதே பிப்ரவரியில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஷ்டாம் இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைக் கண்டார்கள். அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது ஜூலையில். 1930-இல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. யார் முந்தி என்ற விவாதத்தில் வாய்ச்சொல் நில்லாது. தேதியிட்ட தாள்தான் நிற்கும்.

மூலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. இருவரில் யார் எதைச் செய்தார் என்று கடிதம் சொல்வதில்லை. அதற்குக் கிருஷ்ணனின் நாட்குறிப்பைப் பார்க்க வேண்டும். ஒரு சாட்சி சொல்லாததை இன்னொரு சாட்சியிடம் கேட்பதுதான் முறை.

வகுப்பு முடிந்ததும் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "எங்க தாத்தா நிலத்துக்கும் இதேதான் சார். ஊரே நம்ம நிலம்னு சொல்லும். ஆபீசில் பட்டாவைக் காட்டுன்னுதான் கேப்பாங்க."

1976 வரை ஜாகீராக இருந்த மலை அது. அங்கே வளர்ந்த பிள்ளைக்கு நான் புதிதாக என்ன சொல்ல? அவன் தாத்தாவிடம் கேட்கப்படும் அதே கேள்வியை நீங்கள் பாடநூலிடம் கேளுங்கள்: யார் எழுதியது? என்று எழுதியது? மூலம் எங்கே?