காலை ஊன்றாத கோழி

நேற்றுவரை முற்றத்தைக் கிளறிக்கொண்டிருந்த கோழி இன்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நின்றால், நம் வீடுகளில் இரண்டு பேச்சு எழும். "தானா சரியாயிடும், விடு" என்பது ஒன்று. "இனி தேறாது, அறுத்திடலாம்" என்பது மற்றொன்று. பிள்ளைகள் பெயர் வைத்து வளர்க்கும் கோழிக்கு இரண்டுமே நியாயமில்லை. மற்ற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் கோழி தன் வலியை முடிந்தவரை மறைக்கும். நொண்டுவது நம் கண்ணில் படுகிறது என்றால், அதற்கு முன்பே அது நிறைய வலியைத் தாங்கியிருக்கும். அதனால் பார்த்த அன்றே தூக்கிப் பார்த்துவிட வேண்டும்.

இருட்டியபின் பிடியுங்கள்

பகலில் துரத்திப் பிடித்தால் அடிபட்ட கால் இன்னும் கெடும். அந்திசாய்ந்து அடைந்தபின் கோழி அடங்கிவிடும். அப்போது ஒரு துண்டைப் போர்த்தி, இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைத்து எடுங்கள். நெஞ்சை இறுக்கக் கூடாது. நமக்கு இருப்பதுபோல் கோழிக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் அதற்கு மூச்சே ஓடும். இறுக்கிப் பிடித்தே மூச்சடைத்துச் சாகடித்தவர்கள் உண்டு.

டார்ச் வெளிச்சத்தில் கீழிருந்து மேலாகப் பாருங்கள். பாதத்தில் முள், கண்ணாடித் துண்டு, கறுத்த பொருக்கு இருக்கிறதா? விரல்கள் ஒரே நிறமாக இருக்கின்றனவா? பின்பக்கமாக மடங்கும் மூட்டை எல்லோரும் முழங்கால் என்கிறார்கள். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் இறகுக்குள் மேலே இருக்கிறது, அதையும் தடவிப் பார்க்க வேண்டும். நல்ல காலோடு ஒப்பிட்டால் சூடும் வீக்கமும் விரலுக்குத் தெரிந்துவிடும்.

நூலும் தலைமுடியும்

நகரத்து மொட்டைமாடிக் கோழிகளின் காலைக் கெடுப்பது பல நேரங்களில் நாயோ பைக்கோ அல்ல. சீவி எறிந்த தலைமுடி, தையல் நூல், காற்றாடி மாஞ்சா, சாக்குப்பையிலிருந்து பிரியும் நைலான் இழை, இவைதான். விரலிடுக்கில் சிக்கும் இழை, கோழி நடக்க நடக்க இறுகும். சதை அதன்மேல் வீங்கி மூடிக்கொள்ளும். பார்ப்பவருக்கு ஒரு மெல்லிய பள்ளம்தான் தெரியும், நூல் தெரியாது. விரல் நீலம் பாய்ந்து, பிறகு கறுத்து உதிர்ந்துவிடும்.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலைப் பத்து நிமிடம் ஊறவைத்தால் தோல் இளகும். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சிறு கத்தரியின் முனையால் இழையைத் தூக்கித் தூக்கி வெட்டலாம். இழுத்து உருவக் கூடாது, சதையையும் அறுத்துவிடும். வெட்டியபின் போவிடோன் அயோடின் மருந்தைத் தடவி விடுங்கள்.

பாதத்தில் கட்டி

சிமென்ட் தரை, ஈரக் கூடு, உயரத்திலிருந்து குதிப்பது, இவற்றால் பாதத்தில் சிறு கீறல் விழும். அதன் வழியே ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமி புகுந்து கட்டி வைக்கும். நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிலும் வீக்கம். இதை நம் புண் மாதிரி நினைத்துப் பிதுக்குவது பெரிய தப்பு. பறவைகளின் சீழ் தண்ணீராக இருக்காது, கெட்டித் தயிர்க்கட்டிபோல் இறுகிக் கிடக்கும். பிதுக்கினால் வெளியே வராது, ஆழமாகத்தான் பரவும். தொடக்கநிலை என்றால் தினமும் வெந்நீர் ஒற்றடம், மருந்து, சுத்தமான கட்டு, மெத்தென்ற வைக்கோல் போதும். வீக்கம் பெரிதானால் மருத்துவர்தான் கீற வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள், அந்தக் கிருமி மனிதருக்கும் ஒட்டும்.

எலும்பு முறிந்தால்

கணுவுக்குக் கீழே, செதில் மூடிய பகுதியில் முறிவு என்றால், ஐஸ் குச்சியை அளவாக வெட்டி, பஞ்சு சுற்றி, தானாக ஒட்டும் பேண்டேஜால் கட்டிக்கொண்டு மருத்துவரிடம் போகலாம். விரல்கள் சில்லிட்டாலோ வீங்கினாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். கணுவுக்கு மேலே முறிந்தால் வீட்டில் கட்டவே வேண்டாம். எலும்பு வெளியே தெரிந்தால் அன்றைக்கே போயாக வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கேட்கலாம். சரியாகக் கட்டினால் கோழி எலும்பு பெரும்பாலும் மூன்று வாரத்தில் கூடிவிடும்.

அடிபடாமலே நொண்டினால்

அடிபட்ட தடயமே இல்லை என்றால் கவலைப்பட வேண்டியது அப்போதுதான். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிக்கொண்டு சில மாதக் கோழி படுத்துவிட்டால் மாரெக் நோயைச் சந்தேகிக்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டால் வெள்ளைக்கழிச்சல். இரண்டுக்கும் மருந்து இல்லை, தடுப்பூசிதான் காவல். உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துவிட்டு மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

குஞ்சுகளின் கதை வேறு. விரல்களை உள்ளே சுருட்டிக்கொண்டு நடந்தால் வைட்டமின் பி2 பற்றாக்குறையாக இருக்கலாம், சீக்கிரம் கொடுத்தால் தேறும். கால் இருபுறமும் அகன்றுபோவது வழவழப்பான தரையால்தான் அதிகம். தெருவில் வாங்கிய கலர் குஞ்சைச் செருப்புப் பெட்டியில் செய்தித்தாள் விரித்து வளர்ப்பவர்கள், தயவுசெய்து அந்தத் தாளை எடுத்துவிட்டுச் சொரசொரப்பான துணியை விரியுங்கள்.

நம் மாத்திரை அதற்கு வேண்டாம்

பாவம் வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள வலி மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அந்த இனங்களையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. கோழிக்கும் அது ஆகாது. மருத்துவர் ஆன்டிபயாட்டிக் எழுதினால், எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பஞ்சாரத்துக்குள் ஓய்வு

ரத்தத்தைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தும், அதனால் தனியே வைக்க வேண்டும். ஆனால் கூட்டத்தைப் பார்க்க முடியாத இடத்தில் அடைத்தால் தீனி எடுக்காமல் வாடிப்போகும். முற்றத்திலேயே பஞ்சாரத்தைக் கவிழ்த்து, உள்ளே வைக்கோலைக் கனமாகப் பரப்பி, தண்ணீரையும் தீனியையும் அலகு எட்டும் தூரத்தில் வையுங்கள். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூள் அவசியம். ஒரே பக்கமாகப் படுத்தால் நெஞ்செலும்பின் மேலும் கணுவிலும் புண் வரும். நாளுக்கு இரண்டு மூன்று முறை நகர்த்தி உட்காரவைத்து, எச்சம் ஒட்டிய வைக்கோலை மாற்றுங்கள்.

காலை ஊன்றி நடக்கத் தொடங்கியதும் கூட்டத்தில் விடலாம். முதல் சில நாள் கூடவே இருந்து பாருங்கள். ஏறி அடையும் கொம்பை ஓர் அடி உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். குதித்து இறங்கும்போதுதான் ஆறிய கால் மறுபடி மடங்கும். கனத்த பிராய்லர் கோழி என்றால் கொம்பே வேண்டாம், தரையில் வைக்கோல் போதும்.