மூடிய போத்தலுக்குள் எவ்வளவு சீனி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்தைத் திறந்தேன். தரையெல்லாம் கண்ணாடித் துண்டுகள். மேசை விளிம்பிலிருந்து ஏதோ பிசுபிசுவெனச் சொட்டிக்கொண்டிருந்தது. அறை முழுதும் இஞ்சி வாசம்.

அறிவியல் விழாவுக்காக மாணவர்கள் தயாரித்த இஞ்சிப் பானம் அது. இஞ்சிச் சாறு, சீனி, சிறிது ஈஸ்ட் ஆகியவற்றைக் கலந்து, காலியான சிரப் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கி, வெள்ளிக்கிழமை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதைப் பார்த்தும் தடுக்காமல் விட்டவன் நான்தான். அந்நேரம் அறையில் யாரும் இல்லாததால் தப்பித்தோம்.

போத்தல் ஏன் வெடித்தது? ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சீனியைத் தின்று, மதுசாரத்தையும் கரிவளியையும் வெளியிடுகிறது. இதுவே நொதித்தல். நம் ரப்பர்த் தோட்டங்களில் இருந்த கள்ளுக்கடைகளைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லியிருப்பார்கள். தென்னம்பாளையில் வடியும் இனிப்புச் சாறு சில மணி நேரத்திலேயே நுரைத்துக் கள்ளாவதும் நொதித்தலால்தான். ஆனால் பானையின் வாய் திறந்திருப்பதால் வாயு வெளியேறிவிடும். இறுக மூடிய போத்தலில் அதற்கு வழி ஏது?

ஒரு சிறு கணக்கு போடுவோம். 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் நொதித்தால் 2 மோல் கரிவளி கிடைக்கும். அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயுவின் கொள்ளளவு சுமார் 24 லிட்டர். அப்படியானால் 2 மோலுக்கு 48 லிட்டர். அதாவது, 4 கிராம் சீனியே ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயுவைத் தரும். ஒரு லிட்டர் பானத்தில் 100 கிராம் சீனி இருந்தால்? 25 லிட்டருக்கும் மேல்! அத்தனையும் ஒரே போத்தலுக்குள் அடைபட வேண்டும்.

இந்தக் கணக்குத் தெரியாமல் பெரும் இழப்பைச் சந்தித்தவர்கள் பிரான்சின் ஷாம்பேன் பகுதி மக்கள். அங்குள்ள நிலவறைகளில் ஒரு போத்தல் வெடித்தால், அதன் துண்டுகள் பட்டு அடுத்தடுத்த போத்தல்களும் வெடிக்கும். தொழிலாளர்கள் முகத்தில் இரும்புக் கவசம் அணிந்தே உள்ளே போனார்கள். 1836இல் பிரான்சுவா என்ற மருந்தாளர், போத்தலில் அடைக்கும் முன் சீனியை அளக்கும் முறையை வகுத்தார். இன்று அங்கே லிட்டருக்குச் சுமார் 24 கிராம் சீனி சேர்க்கிறார்கள். அது தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 6 மடங்கு. அதைத் தாங்கவே ஷாம்பேன் போத்தல் அவ்வளவு தடிமனாக இருக்கிறது. நம் சிரப் போத்தல் எம்மாத்திரம்?

மேலை நாடுகளில் வீட்டிலேயே பியர் தயாரிப்போருக்கும் இதே தொல்லை உண்டு. நொதித்தல் முடியும் முன் அவசரப்பட்டு அடைத்தால், மிச்சமிருக்கும் சீனி வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, திரவத்தின் அடர்த்தியை மிதவைக் கருவியால் அளப்பார்கள். சில நாட்களுக்கு அளவு மாறாமல் நின்ற பிறகே போத்தலில் அடைப்பார்கள். மாணவர்களே, பியர் உங்களுக்கு உரியதன்று. அதன் பின்னுள்ள அறிவியல் உங்களுக்கு உரியது.

சரி, வீட்டில் இத்தகைய போத்தல் ஒன்று இருந்தால் என்ன செய்வது? நீங்கள் தொடாதீர்கள், குலுக்காதீர்கள், பெரியவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் கண்ணாடிக் கவசமும் தடித்த கையுறையும் அணிந்து, போத்தலைத் தடித்த துவாலையால் சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். குளிரில் ஈஸ்ட் சோர்ந்துவிடும். வாயுவும் திரவத்தில் அதிகம் கரையும். ஒரு லிட்டர் நீரில் 30 பாகை செல்சியசில் சுமார் 1.3 கிராம் கரிவளிதான் கரையும். 0 பாகையிலோ சுமார் 3.3 கிராம் கரையும். சுங்காய் வெயிலில் போத்தல் ஏன் சீக்கிரம் வெடிக்கிறது என்பது இப்போது புரிகிறதா? ஆனால் உறைபெட்டியில் வைக்கக்கூடாது. நீர் உறைந்து விரிந்தாலும் போத்தல் உடையும். நன்கு குளிர்ந்தபின், துவாலையை எடுக்காமலேயே மூடியைச் சற்றுத் தளர்த்தி, 'உஸ்' என்ற ஓசை வந்ததும் இறுக்க வேண்டும். ஓசை அடங்கும்வரை இடைவெளி விட்டு இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

இப்போது நீங்கள் பயமின்றிச் செய்யக்கூடிய சோதனை ஒன்று. சிறு பிளாஸ்டிக் போத்தல்கள் இரண்டை எடுங்கள். இரண்டிலும் வெதுவெதுப்பான நீர், ஒரு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி ஈஸ்ட் போடுங்கள். மூடிக்குப் பதிலாக வாயில் பலூனை மாட்டுங்கள். ஒன்றை மேசையிலும் மற்றொன்றைக் குளிர்பதனப் பெட்டியிலும் வையுங்கள். ஒவ்வொரு மணி நேரமும் பலூனின் சுற்றளவை நூலால் அளந்து குறியுங்கள்.

எங்கள் அறிவியல் கூடத்திலும் இப்போது பலூன்தான், மூடி இல்லை.